துணிக்கு அடியில் இருந்த மரம்

ஹுல்டா டென்னிக்கு அருவருப்பு கூடப்பிறந்த குணம். பால் பாத்திரத்தின் விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டால் போதும், பால் முழுவதும் வாசலுக்குப் போய்விடும். தேவாலயத்தில் பக்கத்தில் இருப்பவர் இருமினால், பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவாள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அவனுடைய புகையிலைக் குழாயை இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டவள் என்று எங்கள் ஊரான மார்லோ ஃபெரியில் இன்றைக்கும் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த மனுஷன் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். அதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர்.

அவளுக்கு வேலை ஆம்ப்ரோஸ் கிரிட்லியின் சவப்பெட்டித் தொழிற்சாலையில். இண்டியானா மாநிலத்தில் நல்ல சவப்பெட்டி செய்கிற கம்பெனிகள் எத்தனையோ இருந்தன. கிரிட்லி செய்தது மலிவு ரகம். கணுவும் வெடிப்புமாகக் கிடக்கும் பைன் பலகையை ஆணியடித்துப் பெட்டியாக்குவார்கள். வெடிப்பில் வஜ்ஜிரப் பசையையும் மரத்தூளையும் குழைத்து அப்பி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மேலே கறுப்புத் துணியும் உள்ளே வெள்ளைத் துணியும் போர்த்திவிட்டால் பெட்டி ஜம்மென்று இருக்கும். அப்புகிற வேலை மேஸ்திரி ஏனோக் ஸ்லேடுடையது, போர்த்துகிற வேலை ஹுல்டாவுடையது. அவள் இழுத்துத் தைத்த துணியில் ஒரு சுருக்கம் பார்க்கமுடியாது.

"துணி வந்தாச்சுன்னா மரத்தைப் பத்தி யாரு கேக்கப் போறா?" என்பான் ஸ்லேட்.

உண்மைதான். அதில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து புகார் கொடுத்ததில்லை. ஈ உட்கார்ந்த பாலைக் கொட்டுகிறவள் இந்தத் தில்லுமுல்லை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டாள் என்று கேட்பீர்கள். மண்ணுக்குள் போகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் மூக்கு கொஞ்சம் அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்காரர்கள் யார் செத்தாலும் பெட்டி இலவசம். தைக்கிற பெண்களுக்குத் துணி போர்த்திய பைன், மேஸ்திரிக்கு ஓக், முதலாளி வீட்டுக்கு வால்நட். கிரிட்லி இதைச் சத்திரம் கட்டிச் சோறு போட்டவர் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழாம் வருஷம் அமெரிக்கா உலகச் சண்டையில் இறங்கியது. கிரிட்லி வாஷிங்டனுக்கு ரயிலேறிப் போய், ஓட்டலில் தங்கி, யார் யார் கையையோ குலுக்கிவிட்டு வந்தார். வந்த மறுநாளே தொழிற்சாலை வாசலில் பலகை மாறிவிட்டது. கிரிட்லி ஏரோப்ளேன் கம்பெனி. முற்றத்தில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு பிரசங்கமும் செய்தார்.

"ஏரோப்ளேன்னா என்னமோ ஏதோன்னு மிரளாதீங்க. மரம், துணி, வஜ்ஜிரம், ஆணி. இத்தனை வருஷமா நாம செஞ்சதும் அதேதான். என்ன, அது கீழ போச்சு, இது மேல போவும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஹுல்டா தட்டவில்லை. பேசும்போது முதலாளியின் வாயோரத்தில் சுருட்டு எச்சில் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கம்பெனியின் சரித்திரம் ரொம்பச் சின்னது. முதல் விமானம் தரையை விட்டு எழும்பவே இல்லை. சந்தைத் திடலின் வேலியைப் பிய்த்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. இரண்டாவது எழும்பியது, ஆற்றைத் தாண்டியது, திரும்பி வரும்போது தாண்டவில்லை. ஓட்டியவனைச் சேற்றிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அவன் ஈரத்துணியோடு அன்று மாலையே ஊரைவிட்டுப் போய்விட்டான். மூன்றாவதுதான் பட்டாளத்துக்குக் காட்டவேண்டிய விமானம். அது ஒழுங்காகப் பறந்தால் பெரிய ஆர்டர், ஊருக்கே வேலை. பறக்காவிட்டால் ஒன்றுமில்லை. ஆர்டர் கையில் வந்த மாதிரியே கிரிட்லி ஒரு கொட்டகை நிறைய, விமானத்துக்கென்றே தேடுகிற லேசும் உறுதியுமான ஸ்ப்ரூஸ் மரம் வாங்கி அடுக்கிவிட்டார். பட்டாளத்துப் பரிசோதகர் வந்து ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் பார்த்து, கணு இருந்ததைத் தள்ளி, நல்லதில் முத்திரை குத்திவிட்டுப் போனார். எங்கள் ஊர் மர அறுப்புக்காரர்கள் அப்படிப்பட்ட மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. சும்மா தடவிப் பார்க்கவே கொட்டகைக்குப் போவார்கள்.

மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கிற இறக்கைகளுக்குத் துணி தைத்த பிறகு அதன்மேல் ஒரு பூச்சு அடிக்கவேண்டும். அப்போதுதான் துணி முரசுத்தோலாக விறைத்து நிற்கும். அந்தப் பூச்சின் வாடை இருக்கிறதே! அழுகின வாழைப்பழத்தைச் சாராயத்தில் ஊறவைத்து மூக்குக்குள் திணித்த மாதிரி இருக்கும். பூச்சு அறைப் பெண்கள் ஓடி ஓடி வாசலில் வாந்தியெடுத்தார்கள். விஷத்தை முறிக்கும் என்று கம்பெனி ஒரு வாளியில் பால் வைத்தது. பாலையும் சேர்த்து வாந்தியெடுத்தார்கள். ஹுல்டா அந்தப் பக்கமே போகமாட்டாள்.

நெட்டி காஸ் அந்த அறைக்குப் போனவர்களில் ஒருத்தி. ஹுல்டாவுக்கு எதிரே உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பெட்டிக்குத் துணி தைத்தவள். ஊரில் ஹுல்டாவின் முகச்சுளிப்பைப் பார்த்துச் சிரிக்கத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் படுத்த படுக்கை, மூன்று பெண்குழந்தைகள். பூச்சு அறையில் கூலி கூட. பனிக்காலம் முடிவதற்குள் அவளுடைய கண் மஞ்சளாகிவிட்டது.

"விட்டுத் தொலைடி இந்த வேலைய," என்றாள் ஹுல்டா.

"விட்டுட்டு? உன் மூக்கைச் சமைச்சா எம் புள்ளைங்களுக்குப் போடுறது?" நெட்டி வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அந்தப் ப்ளேன் மட்டும் பறக்கட்டும்க்கா. பெரிய ஆர்டர் வந்தா என்னையும் தையலுக்கே மாத்துறேன்னு ஸ்லேட் சொல்லியிருக்கான்."

விமானம் ஓட்ட வந்தவன் பெயர் ஆர்லோ டீக். திருவிழாக்களில் விமானத்தில் ஆகாயக் குட்டிக்கரணம் போட்டுக் காட்டிப் பிழைத்தவன். கம்பெனி அவனை ஹுல்டாவின் மாடி அறையில் குடிவைத்தது. அன்றிலிருந்து பிடித்தது அவளுக்குச் சனியன். புகையிலையை மென்று பூந்தொட்டியில் துப்புவான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தலை வாருவான். எண்ணெய்க் கையால் ரொட்டியை எடுத்து, பிய்த்து, பிடிக்காவிட்டால் திரும்பத் தட்டிலேயே வைப்பான்.

"அம்மணி, இந்த முட்டையில கொஞ்சம் சிரிப்பையும் போட்டுப் பொரிச்சா என்னவாம்?"

"தொட்டியில துப்புறத நிறுத்து, யோசிக்கிறேன்."

"பூவுக்கு உரம் அம்மணி!"

அவன் எப்போது தொலைவான் என்று காத்திருந்தாள். இது நினைவிருக்கட்டும். அவளுக்கு அவன்மேல் பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பட்டாளத்துக் கேப்டன் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சனிக்கிழமை, பரிசோதகர் பார்த்து முத்திரை குத்திவிட்டுப் போன இடது மேல் இறக்கையை ஆட்கள் தூக்கி வைக்கும்போது கை நழுவிக் கீழே போட்டுவிட்டார்கள். அப்போது அதில் துணி இல்லை, வெறும் எலும்புக்கூடுதான். திங்கட்கிழமை ஹுல்டா துணியோடு போனபோது இறக்கை மேஜைமேல் தயாராக இருந்தது. கீழே விழுந்த கதையை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் இறக்கையின் முதுகெலும்பாக ஓடுகிற நீளச் சட்டத்தில், நடுவில் ஓர் இடத்தில், மரம் கொஞ்சம் கறுத்து மினுமினுத்தது. அந்த மினுமினுப்பை அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும். நகத்தால் கீறினாள். மரத்தூள் உதிர்ந்தது. குறுக்கே கை நீளத்துக்கு வெடிப்பு.

ஸ்லேடைக் கூப்பிட்டாள். "என்ன இது?"

"என்னது?"

"ஏனோக், நான் யாருன்னு மறந்துபோச்சா உனக்கு? இது நீ அப்புனது."

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "சட்டத்தை மாத்தணும்னா மொத்தத்தையும் பிரிக்கணும். வியாழக்கிழமைக்குள்ள முடியுமா? பரிசோதகரு முத்திரை அதுல இருக்கு, பாரு. அப்புறம் என்ன? நீ துணியப் போடு."

"இதுல ஒருத்தன் ஏறிப் போவாண்டா."

"நான் அப்பி இதுவரைக்கும் ஒரு பெட்டி பிரிஞ்சிருக்கா? சொல்லு."

அவன் கேலி செய்யவில்லை, மனசாரத்தான் கேட்டான். வாழ்க்கை முழுவதும் அசையாமல் படுத்திருப்பவர்களுக்கே மரவேலை செய்தவனுக்கு, மரம் வளையும், அதிரும், இழுபடும் என்பதெல்லாம் புத்தியில் ஏறவே இல்லை. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் ஹுல்டா துணியை எடுத்தாள். கை பழகின வேலையைக் கை செய்தது. ஒரு சுருக்கம் இல்லாமல் போர்த்தினாள். மறுநாள் நெட்டி அதன்மேல் பூச்சு அடித்தாள். வெடிப்பு இருந்த இடம் எதுவென்று ஸ்லேடாலேயே காட்டமுடியாதபடி இறக்கை வெள்ளைவெளேரென்று நின்றது.

ஆனால் அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எதை வாயில் வைத்தாலும் வஜ்ஜிர நாற்றம். மாட்டு எலும்பும் தோலும் கொதிக்கிற அந்த நாற்றம் கையிலேயே ஒட்டிக்கொண்டதாகத் தோன்றியது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்துபோனது. புதன்கிழமை சாயங்காலம் நேரே முதலாளி வீட்டுக்குப் போனாள்.

கிரிட்லி கோழி தின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை கொழுப்பு வழிந்தது.

"வா ஹுல்டா. ஒரு தொடை எடுத்துக்கிறியா?"

"வேண்டாங்க முதலாளி. அந்த இடது இறக்கை..."

"ஸ்லேட் சொன்னான். அவன் அப்புனா அப்புனதுதான்."

"அது பொணத்துக்குங்க. இவன் உசிரோட ஏறுறான்."

"ஒரு சுத்து சுத்திட்டு இறங்கப் போறான். பத்து நிமிஷம் தாங்காதா? ஊரு பூரா இதை நம்பி இருக்கும்மா. உன் சிநேகிதி நெட்டி இருக்கா, மூணு புள்ளைங்க."

"தாங்கலேன்னா?"

கிரிட்லி எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"நான் அதை யோசிக்காம இருப்பேனா? பாவம், அவனுக்கு ஆளு பேரு கிடையாது. அதனால வால்நட் பெட்டி ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லிட்டேன். எங்க வீட்டுக்குன்னு வெச்சிருக்கிற அதே வால்நட். உள்ள வெள்ளைப் பட்டு. நீதான் தைக்கணும், உன் கை பட்டாத்தான் அழகு."

அந்த மனுஷன் மிரட்டியிருந்தால் பொறுத்திருப்பாள், பொய் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அவர் பெருந்தன்மையாக இருந்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை. ஹுல்டா வெளியே வந்து, அவர் வீட்டு ரோஜாப் பாத்தியிலேயே வாந்தியெடுத்தாள். துடைக்கக்கூட இல்லை.

வியாழக்கிழமை காலையில் டீக்கிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் மேஜையில் தலை வாரிக்கொண்டிருந்தான்.

"இறக்கைச் சட்டம் வெடிச்சிருக்கு. ஏறாத."

அவன் சிரித்தான். "அம்மணி, நான் துப்புறதைப் பாத்தே செத்துப்போயிடுவேன்னு சொன்னவங்க நீங்க. சீப்புல பூச்சி, ரொட்டியில பூச்சி, இப்ப ப்ளேன்லயும் பூச்சியா?"

"என் கண்ணால பாத்தேண்டா."

"நேத்துத்தான் நானே தட்டிப் பாத்தேன், கிண்ணுனு இருக்கு. போங்க, போயி நல்லா உடுத்திட்டு வந்து கைதட்டுங்க."

வாழ்நாளெல்லாம் எல்லாவற்றுக்கும் முகம் சுளித்தவள் உண்மையாகவே முகம் சுளிக்கவேண்டிய நேரத்தில் யாரும் நம்பவில்லை. அவள் நல்லதாக உடுத்தவில்லை. வேலைக்குக் கட்டுகிற மேலங்கியைக் கட்டிக்கொண்டு, துணி வெட்டுகிற வளைகத்தியை அதன் பையில் போட்டுக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போனாள்.

திடலில் கொடி, பேண்டு வாத்தியம், எலுமிச்சைச் சாறு. ஊர் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்திருந்தது. பூச்சு அறைப் பெண்கள் வெள்ளைத் தொப்பியும் மஞ்சள் கண்ணுமாக முன்வரிசையில் நின்றார்கள். கேப்டன் காரிலிருந்து இறங்கி விமானத்தைச் சுற்றிவந்தார். கிரிட்லி கூடவே ஓடினார். டீக் படியில் கால் வைத்துவிட்டான்.

ஹுல்டா வரிசையிலிருந்து விலகி நடந்தாள். ஏதோ கடைசித் தையல் போடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே கிடந்த கருவிப்பெட்டிமேல் ஏறி, இடது மேல் இறக்கையில் கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். விறைத்த துணி கிழிகிற சத்தத்தில் பேண்டு நின்றுவிட்டது. தன் கையால் போர்த்தினதைத் தன் கையாலேயே இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கத்தி நுனியால் குத்தினாள். ஸ்லேட் அப்பியது காய்ந்த வறட்டியாகப் பெயர்ந்து கேப்டனின் பூட்ஸ்மேல் விழுந்தது.

"பாத்துக்குங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கிரிட்லி ஓடிவந்தார். "பொம்பளைங்க சார், வெயில் தலைக்கேறிடுச்சு போல..."

கேப்டன் அவரைப் பார்க்கவே இல்லை. வெடிப்புக்குள் விரலை விட்டார். விரல் இரண்டு கணு வரை உள்ளே போனது. விரலை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

டீக் அவளுக்கு நன்றி சொன்னான் என்று நினைக்கிறீர்களா? "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி! இதைவிடக் கேவலமானதுல எல்லாம் நான் பறந்திருக்கேன்!" என்று திடல் நடுவில் நின்று கத்தினான். மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறபோது பூந்தொட்டியில் கடைசியாக ஒருமுறை துப்பிவிட்டுப் போனான். பிற்பாடு சிகாகோ பக்கத்தில் அவனைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: இறக்கையைத் தட்டிப் பார்த்தே வெடிப்பைக் கண்டுபிடித்துக் கேப்டனிடம் காட்டினவன் தான்தான் என்று மதுக்கடைகளில் கதை விடுகிறானாம். ஹுல்டா கேட்டுவிட்டு, "பல்லு வெளக்குறானாமா?" என்று மட்டும் விசாரித்தாள்.

தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. ஊர் ஹுல்டாவைத் தலைமுழுகியது. கறிக்கடைக்காரன் கொழுப்பை மட்டும் வெட்டிக் கொடுத்தான். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இப்போது மற்றவர்கள் எழுந்து போனார்கள். ஒருவன் உயிர் பிழைத்தான் என்று யாரும் பேசவில்லை. "சின்ன வெடிப்பு, தாங்கியிருக்கும்" என்றே எல்லோரும் பேசினார்கள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். நெட்டி ஒருநாள் வாசலுக்கு வந்ததுதான் பொறுக்கவில்லை.

"உனக்கு நாத்தம் புடிக்கலே, உன் வயிறு கொமட்டுது, அதுக்காக எங்க வயித்துல அடிச்சிட்டியேக்கா," என்றாள் நெட்டி. கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. "நான் வாந்தியெடுத்துக்கிட்டே சம்பாதிச்சிருப்பேன்."

"அவன் செத்திருப்பாண்டி."

"உனக்கு அவனைப் புடிக்கவே புடிக்காதே!"

நெட்டி அதன்பிறகு வரவில்லை.

அக்டோபரில் விஷக்காய்ச்சல் வந்தது. பட்டாளத்து ரயிலில் வந்ததாகச் சொன்னார்கள். காலையில் நின்று பேசினவர்களை மறுநாள் காலை போர்வையில் சுற்றி வெளியே எடுத்தார்கள். கிரிட்லி தொழிற்சாலையைத் திறந்து, ஒரே நாளில் பழைய பலகையைத் திரும்ப மாட்டினார். நாலு மாவட்டத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றது. கேட்ட விலையைக் கொடுத்தார்கள். அவருக்கு அது நல்ல காலம். எழுதவே கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒரு காலையில் ஸ்லேட், வாயில் துணி கட்டிக்கொண்டு, ஹுல்டாவின் வேலிக்கு வெளியே நின்றான்.

"தைக்க ஆளில்ல, ஹுல்டா. எல்லாம் படுத்துக்கிடக்கு."

"முதலாளிய வந்து தைக்கச் சொல்லு."

"நெட்டி போயிட்டா," என்றான். "விடியக்காலம். அவளுக்காச்சும் வந்து தை."

இருமல் கேட்டால் பெஞ்சு மாறுகிறவள், வழியெல்லாம் இருமல் கேட்கிற தெருவில் வாயைக்கூட மூடாமல் நடந்து போனாள்.

பெட்டி மேஜைமேல் இருந்தது. ஹுல்டா வழக்கம்போல ஸ்லேட் அப்பின இடத்தைத் தேடினாள். மூலைக்கு மூலை விரலை ஓட்டினாள். ஒன்றும் இல்லை. கணு இல்லை, வெடிப்பு இல்லை. மரம் வெண்ணெயாக வழுக்கியது. கால்மாட்டுப் பக்கம் பட்டாளத்துப் பரிசோதகரின் முத்திரை நீலமாகப் பதிந்திருந்தது.

"பைன் வரலே, ரயிலெல்லாம் நின்னுபோச்சு," என்றான் ஸ்லேட். "அந்தக் கொட்டகை மரத்தை எடுத்துக்கச் சொல்லிட்டாரு. அப்பறதுக்கே ஒண்ணுமில்ல ஹுல்டா. நான் அறுத்த நாளுல இப்படி ஒரு மரம்..."

"ஏறுறவனுக்கு ஒட்டுப் போட்டது. மண்ணுக்குள்ள போறவளுக்கு இது," என்றாள் ஹுல்டா. "தூ!" வாழ்க்கையில் அவள் காறித் துப்பி யாரும் பார்த்ததில்லை. அன்று தொழிற்சாலைத் தரையில் துப்பினாள்.

பிறகு உட்கார்ந்து தைத்தாள். இறக்கைக்கென்று வாங்கி மிஞ்சின லினன் துணி. உள்ளே முழுவதும் போர்த்தினாள், வெளியே மூன்று பக்கம் போர்த்தினாள். கால்மாட்டுப் பலகையை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டாள்.

கூட்டம் கூடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் கல்லறையில் கொஞ்சம் பேர்தான். நெட்டியின் மூன்று பெண்கள், நாலைந்து தொழிற்சாலைக்காரர்கள், பாதிரியார். இலவசப் பெட்டி கொடுத்தவர் என்ற முறையில் கிரிட்லியும் மலர்வளையத்தோடு வந்தார். குழியோரத்தில் பெட்டியை வைத்ததும் அந்த வெறும் பலகையும் நீல முத்திரையும் எல்லோர் கண்ணிலும் பட்டன. தொழிற்சாலைக்காரர்களுக்கு அந்த மரம் தெரியும். கொட்டகையில் தடவிப் பார்த்தவர்கள்தானே; வெடித்த சட்டத்தை மாற்றாமல் அங்கேயே கிடந்த அதே நல்ல மரம். ஒருவன் முதலாளியைப் பார்த்தான். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

கிரிட்லி தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். குனிந்து, முத்திரை மறைகிற மாதிரி மலர்வளையத்தை அதன்மேல் சாய்த்து வைத்தார். முகத்தில் அதே கருணை.

ஹுல்டா வந்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் அந்த வளையத்தை எடுத்து அப்பால் போட்டாள். விரலை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, "இப்ப இறக்குங்க," என்றாள்.